மூவாயிரம் டாலருக்கு எந்தப் பழைய அமெரிக்க வெள்ளிக் காசு?

சித்தி மகன் ஒஹையோவில் இருக்கிறான். ஒரு நாள் போனில், "அண்ணா, மூவாயிரம் டாலர் தனியா எடுத்து வச்சிருக்கேன், பழைய வெள்ளி டாலர் சேர்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை, அந்த 1893-எஸ் மார்கன் ஒண்ணை வாங்கிடட்டுமா?" என்று கேட்டான். மொத்தப் பணமும் ஒரே காசில் போய்விடும், அந்தப் பணத்துக்குக் கிடைப்பதும் காசில் இருக்கும் பெண்ணின் தலைமுடி எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்குத் தேய்ந்த ஒன்றாகத்தான் இருக்கும். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் வேண்டாம் என்றால் வேறு எது என்று அடுத்த கேள்வி வருமே. அதைத்தான் இங்கே எழுதுகிறேன், அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து.

அவன் முன்னால் இருந்த வழிகள் இவை. ஒன்று, அவன் கேட்டது மாதிரி ஒரே ஒரு அரிய மார்கன் (மார்கன் என்பது ஒரு டாலர் வெள்ளிக் காசு; வருஷத்தோடு வரும் எழுத்து அடித்த ஊரைச் சொல்லும், எஸ் என்றால் சான்பிரான்சிஸ்கோ, ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ், சிசி என்றால் கார்சன் சிட்டி). இரண்டாவது, கார்சன் சிட்டியில் அடித்த சிசி மார்கன்களில் நான்கைந்து. மூன்றாவது, பார்பர் அரை டாலர்களை வருஷம் வருஷமாகச் சேர்ப்பது. நான்காவது, 1807 முதல் 1836 வரை அடித்த கேப்டு பஸ்ட் (தொப்பி போட்ட பெண் உருவம்) அரை டாலர்கள். ட்ரேட் டாலர், அமர்ந்த சுதந்திர தேவி உருவம் போட்ட காசுகள் என்று இன்னும் இரண்டு உண்டு, அவற்றைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். என் ஓட்டு நான்காவதற்கு, துணைக்கு இரண்டாவதில் ஒரே ஒரு காசு. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் 'அரிய' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். இந்தத் துறையில் ஆட்கள் ஏமாறுவது பெரும்பாலும் அந்த ஒரு சொல்லில்தான்.

மார்கன் டாலர் 1878 முதல் 1904 வரை, பிறகு 1921-இல் ஒரே வருஷம் அடித்த காசு (2021 முதல் சேகரிப்பாளர்களுக்காக மறுபடி அடிக்கிறார்கள், அது வேறு கதை). எடை 26.73 கிராம், தொண்ணூறு சதவீதம் வெள்ளி, குறுக்களவு 38.1 மில்லிமீட்டர். உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். இதை இவ்வளவு அடித்ததற்குக் காரணம் ஜனங்களின் தேவை என்று நினைக்க வேண்டாம். நெவாடாவின் காம்ஸ்டாக் சுரங்கத்தில் வெள்ளி கொட்டிக்கொண்டிருந்தது, சுரங்கக்காரர்களுக்கு அரசியல் பலமும் இருந்தது, 1878-இல் பிளாண்ட்-ஆலிசன் சட்டம் வந்தது. மாதா மாதம் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் மதிப்புக்கு அரசு வெள்ளி வாங்கி டாலராக அடித்தே தீர வேண்டும். அடித்தார்கள். கிழக்குப் பக்கத்தில் யாரும் அந்தக் கனத்தைச் சட்டைப் பையில் தூக்கிக்கொண்டு அலையத் தயாராக இல்லை. ஆகவே ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பையில் கட்டிக் கருவூல நிலவறையில் போட்டுவைத்தார்கள். அதனால்தான் 140 வருஷம் கழித்தும் 1881-எஸ் மார்கன் ஒன்று நேற்று அடித்த மாதிரி மின்னிக்கொண்டு கிடைக்கிறது. கன்னத்தில் இருக்கும் சின்னச் சின்னக் கீறல்கள் பையில் ஒன்றோடொன்று மோதியவை, கை மாறியதால் வந்தவை இல்லை.

சரி, அப்படியானால் எது அரிது? எத்தனை அடித்தார்கள் என்ற கணக்கைப் பார்த்தால் போதும் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். அந்தக் கணக்கு மார்கனில் பாதிப் பொய். 1918-இல் பிட்மன் சட்டம் என்று ஒன்று வந்து 27,02,32,722 வெள்ளி டாலர்களை உருக்கிவிட்டார்கள். எந்த வருஷத்துக் காசு எத்தனை போயிற்று என்று யாரும் எழுதிவைக்கவில்லை, பை பையாகத் தூக்கி உலையில் போட்டதோடு சரி. இதில் நம்ம ஊருக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. முதல் உலகப் போர் சமயத்தில் இந்தியாவில் ஜனங்கள் காகித நோட்டை நம்பாமல் கொண்டுவந்து கொடுத்து வெள்ளி ரூபாயாகத் தா என்று கேட்க ஆரம்பித்தார்கள், கொடுக்க அரசாங்கத்திடம் வெள்ளி இல்லை, பிரிட்டன் அமெரிக்காவிடம் போய் நின்றது. உருக்கிய டாலர்களில் பெரும்பகுதி வெள்ளிக் கட்டியாகக் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரூபாயாக மாறியது. உங்கள் பாட்டி பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1919, 1920 ரூபாய் கிடந்தால், அதன் வெள்ளியில் கொஞ்சம் நெவாடா சுரங்கத்து வெள்ளி கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எனக்கு இந்த விஷயம் தெரிந்த அன்று ஒரு மார்கனையும் ஒரு 1919 ரூபாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொய்க் கணக்கின் இன்னொரு பக்கம் 1903-ஓ. நியூ ஆர்லியன்ஸில் அடித்தது, 44 லட்சத்து 50 ஆயிரம். ஆனால் வெளியே கண்ணில் படவே இல்லை, எல்லாம் உருகிப் போயிருக்கும் என்று நம்பினார்கள், மார்கன் வரிசையிலேயே கிடைக்காத காசு என்று பெயர் வாங்கிவிட்டது, கைபடாத, அதாவது புழக்கத்துக்கே போகாத ஒன்றுக்கு 1500 டாலர் என்று விலை போட்டிருந்தார்கள். 1962 கடைசியில் கருவூலத்திலிருந்து பழைய பைகளை வெளியே விட்டபோது, பிரித்துப் பார்த்தால் உள்ளே 1903-ஓ. விலை முப்பது டாலர் பக்கம் விழுந்தது. அந்த வருஷம் கோடையில் 1500 கொடுத்து வாங்கியவர் யாரோ ஒருவர் இருந்திருப்பார், அவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அப்புறம் தரத்தால் வரும் அருமை. 1884-எஸ் காசு 32 லட்சம் அடித்திருக்கிறார்கள், தேய்ந்த ஒன்றைச் சாதாரண விலைக்கே வாங்கலாம். அதே காசு கைபடாமல் வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டியிருக்கும். பக்கத்திலேயே 1884-ஓ கைபடாததாகவே கூடை கூடையாகக் கிடைக்கிறது. சான்பிரான்சிஸ்கோ டாலர்கள் மேற்கே கடையிலும் சூதாட்ட மேசையிலும் உண்மையாகவே புழங்கின, நியூ ஆர்லியன்ஸ் டாலர்கள் பையில் தூங்கின, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது தம்பி கேட்ட 1893-எஸ். ஒரு லட்சம்தான் அடித்தார்கள், புழக்கத்துக்கு அடித்த மார்கன்களில் இதுதான் குறைவு. (1895 பிலடெல்பியா காசு இதைவிடக் கிடைக்காதது, ஆனால் அதில் சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக அடித்த 880 ப்ரூஃப் காசுகள் மட்டுமே இருக்கின்றன, நம் பேச்சில் அது வராது.) 1893-எஸ் வாங்குவதில் நியாயம் இல்லாமல் இல்லை. எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் இந்தக் காசை விளக்க வேண்டியதில்லை, விற்பதற்கு ஆள் தேட வேண்டியதில்லை, மார்கன் வரிசையை முழுமையாக்க ஆசைப்படுகிறவன் ஒவ்வொருவனும் கடைசியில் ஆல்பத்தில் இந்தக் காசுக்கான காலி இடத்தில் வந்து நிற்பான். ஆனால் போலி. சாதாரண 1893 டாலரில் வேறெங்கிருந்தோ எடுத்த எஸ் எழுத்தை ஒட்டிவிடுவார்கள், அல்லது 1898-எஸ் காசில் எட்டைச் சுரண்டி மூன்றாக்குவார்கள்.

உண்மையானதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இந்தக் காசின் தலைப் பக்கத்தை ஒரே ஒரு அச்சில்தான் அடித்திருக்கிறார்கள், அதனால் அந்த அச்சில் இருந்த குறை எல்லாக் காசிலும் இருக்கும். பெண்ணின் நெற்றிப் பட்டையில் லிபர்ட்டி என்று எழுதியிருக்கிறதல்லவா, அதன் டி எழுத்தின் மேல்பகுதியில் சாய்வாக ஒரு மெல்லிய மேடான கோடு ஓடும். பத்து மடங்கு லென்ஸில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெரியும். நான் ஒரு காசுக் கண்காட்சியில் விற்பனைக்கு வைத்திருந்த ஒன்றை வாங்கி அப்படிப் பார்த்திருக்கிறேன், கோடு இல்லை, எஸ் மட்டும் அழகாக இருந்தது, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன். ரொம்பவும் தேய்ந்த காசில் அந்தக் கோடும் சேர்ந்து தேய்ந்துவிடும் என்பது இன்னொரு தொல்லை. தம்பியின் பணத்துக்குக் கிடைக்கும் தரம் அதுதான். ஆகவே பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி (காசைச் சோதித்துத் தரம் போடும் நிறுவனங்கள்) மூடிக் கொடுத்த பெட்டியில் இருந்தால் மட்டும் யோசி, வெறுங்காசாக யார் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதே என்றேன்.

சிசி மார்கன்கள் எனக்குப் பிடிக்கும். கார்சன் சிட்டி நாணயச்சாலை 1870 முதல் 1893 வரை காசு அடித்தது, நடுவில் சில வருஷம் நின்றும் போனது, சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. கட்டடம் இன்றும் இருக்கிறது, நெவாடா மாநில அருங்காட்சியகமாக. காசைப் பூப் பக்கம் திருப்பினால் (பூ எங்கே இருக்கிறது, கழுகுதான்) மாலையின் முடிச்சுக்குக் கீழே இரண்டு சி எழுத்துகள் இருக்கும், அந்த இரண்டு எழுத்துக்குத்தான் விலை. 1964 மார்ச்சில் வெள்ளிச் சான்றிதழுக்கு (கொடுத்தால் வெள்ளி டாலராக மாற்றித் தர வேண்டிய நோட்டு) டாலர் கொடுப்பதை நிறுத்தியபோது கருவூலத்தில் சுமார் 29 லட்சம் டாலர்கள் மிஞ்சியிருந்தன, எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் சிசி. ஜிஎஸ்ஏ என்ற அரசுத் துறை 1972 முதல் 1980 வரை அவற்றைக் கெட்டி பிளாஸ்டிக் உறையில் போட்டு, கறுப்பு அட்டைப் பெட்டியில் வைத்துத் தபாலில் விற்றது. அந்த உறையோடு கிடைக்கும் காசுக்குத் தனி மரியாதை. அரசே எண்ணி எடுத்துக் கொடுத்தது என்பதால் போலி பயம் குறைவு, ஆனாலும் உறையின் விளிம்பு திறந்து ஒட்டியதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேயும் கணக்கு விளையாடும். 1885-சிசி 2 லட்சத்து 28 ஆயிரம் அடித்தது, 1889-சிசி 3 லட்சத்து 50 ஆயிரம். எண்ணிக்கையைப் பார்த்தால் 1885 தானே விலை அதிகம் இருக்க வேண்டும்? கைபடாத தரத்தில் 1889-சிசி அதைப் போலப் பல மடங்கு. காரணம், 1885-இல் பாதிக்கு மேல் அந்த நிலவறையிலேயே பத்திரமாக இருந்து ஜிஎஸ்ஏ வழியாக வெளியே வந்தது, 1889 அங்கே கிட்டத்தட்ட இல்லவே இல்லை. 1884-சிசி இன்னும் வேடிக்கை: அடித்தது 11 லட்சத்து 36 ஆயிரம், ஜிஎஸ்ஏ கையில் இருந்தது 9 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல். நேர்மையாகச் சொன்னால் 1884-சிசியை அரிய காசு என்று சொல்லக் கூடாது. ஆனால் அழகு, வரலாறு, விற்கும் சுலபம் மூன்றும் இருக்கிறது, சில நூறு டாலரில் முடிந்துவிடும். ஒன்று போதும். நான்கு வாங்கினால் நான்கு வருஷம் மாறிய ஒரே காசு.

பார்பர் அரை டாலருக்கு வருவோம். 1892 முதல் 1915 வரை, 12.5 கிராம். சார்லஸ் பார்பர் வரைந்த அந்த முகம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, யாரோ வாத்தியார் மாதிரி இருக்கும், அது என் ருசி. இந்த வரிசையின் சிறப்பு என்னவென்றால் இது உண்மையாகவே புழங்கிய காசு. அரை டாலர் அந்தக் காலத்தில் பெரிய பணம், கூலி வாங்கி அன்றைக்கே மளிகைக் கடையில் கொடுப்பார்கள், யாரும் பையில் கட்டிவைக்கவில்லை. அதனால் மொத்தமாகத் தேய்ந்தவை எக்கச்சக்கம், கைபடாதவை பணக்காரர்களுக்கு, நடுத்தரம் மட்டும் காணவே காணோம். தலைப் பட்டையில் லிபர்ட்டியின் ஏழு எழுத்தும் படிக்க முடிந்தால் எஃப்-12 என்ற நடுத்தரம், மூன்று எழுத்து அளவுக்குத்தான் தெரிகிறது என்றால் அதற்குக் கீழான விஜி-8. கடையில் பார்பர் அரை டாலர் இருபது கிடந்தால் ஏழு எழுத்தும் இருக்கிற ஒன்றைத் தேடுவதற்குள் கண் வலிக்கும். வெளியே தெரியாத அருமை இது, விலைப் பட்டியலில் அவ்வளவாக ஏறாதது. முழு வரிசை 73 காசு, 1894-எஸ் பார்பர் பத்து சென்ட் காசு மாதிரி (24 மட்டுமே அடித்தார்கள்) வாழ்நாளில் வாங்கவே முடியாத ஒன்று இதில் கிடையாது. 1913, 1914, 1915 பிலடெல்பியா காசுகள் ஒவ்வொன்றும் இரண்டு லட்சத்துக்குக் கீழே, அவையும் தேய்ந்த தரத்தில் எட்டும் தூரம்தான். பொறுமைசாலிக்கு நல்ல வழி. தம்பிக்குப் பொறுமை கிடையாது, சின்ன வயதிலிருந்தே தெரியும்.

இப்போது என் செல்லம். கேப்டு பஸ்ட் அரை டாலர், ஜான் ரைஷ் வடிவமைத்தது, 13.48 கிராம், வெள்ளி 89.24 சதவீதம். தொண்ணூறுக்குச் சற்றுக் குறைவான இந்த விசித்திரக் கணக்கு 1792 நாணயச் சட்டத்திலிருந்து வந்தது, 1837-இல்தான் நேராகத் தொண்ணூறு ஆக்கினார்கள். இருநூறு வருஷத்துக் காசு, எந்திரக் காலத்துக்கு முந்தையது, திருகு அச்சில் மனிதக் கையால் இழுத்து அடித்தது. இவ்வளவு பழைய காசு நூற்றுச் சொச்சம், இருநூற்றுச் சொச்சம் டாலருக்கு நல்ல தரத்தில் கிடைக்கிறது என்றால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். காரணம் இதுதான்: முழு டாலர் அடித்தால் அது நாட்டில் தங்காமல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஓடிப்போகிறது, அங்கே அதைக் கொடுத்துக் கொஞ்சம் கனமான ஸ்பானிய டாலரை வாங்கிக்கொள்கிறார்கள் என்று 1804-ஓடு டாலர் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த முப்பது வருஷத்துக்கு மேல் நாட்டில் அடித்த பெரிய வெள்ளிக் காசு அரை டாலர்தான். வங்கிகள் அதைத்தான் இருப்பாக வைத்துக்கொண்டன, பையோடு ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் போய்வந்தது, ஜனங்கள் கைக்கு அதிகம் வரவில்லை. ஆக, பார்பர் காசைவிட எண்பது வருஷம் மூத்தது அதைவிடத் தேயாமல் இருக்கிறது.

கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். விளிம்பில் மார்கன் மாதிரி வரிவரியாக இருக்காது. ஐம்பது சென்ட் அல்லது அரை டாலர் என்று ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாக ஓரத்தைச் சுற்றி உருட்டியிருப்பார்கள், வெள்ளியைச் சுரண்டித் திருடாமல் இருப்பதற்காக. ஏழு நட்சத்திரம் இடப்பக்கம், ஆறு வலப்பக்கம், ஒவ்வொன்றும் அச்சில் கையால் தனித்தனியாக அடித்தது, அதனால் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஒன்று தொப்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். வருஷ எண்ணும் அப்படித்தான். 1827 காசிலேயே இரண்டின் அடிப்பகுதி சுருண்டது ஒன்று, சதுரமாக நின்றது ஒன்று. அச்சு வீணாகக் கூடாது என்று பழைய அச்சில் ஏழின் மேலேயே எட்டைக் குத்தி அடித்த 1818-இல் அந்த ஏழு எட்டிப் பார்க்கும். இந்த அச்சுச் சேர்க்கைகளை அல் ஓவர்ட்டன் என்பவர் 1967-இல் வரிசைப்படுத்தி எண் கொடுத்தார், நானூறுக்கு மேல் வகைகள். இவற்றைத் தேடி அலையும் பைத்தியங்கள் தங்களுக்கு பஸ்ட் ஹாஃப் நட் கிளப் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இங்கேதான் மார்கனோடு உண்மையான வித்தியாசம் வருகிறது. மார்கனில் ஒரு அரிய காசு என்றால் பெட்டியில் இருக்கும் சீட்டைப் பார்த்து ஊருக்கே தெரியும், விலையும் அதற்கேற்ப. பஸ்ட் அரை டாலரில் முப்பது நாற்பது மட்டுமே மிஞ்சிய ஒரு வகை, சாதாரண 1830 என்ற விலைச்சீட்டோடு கடைக்காரரின் தட்டில் கிடக்கலாம், அவருக்குப் பொழுதில்லை, நீங்கள் உட்கார்ந்து நட்சத்திரத்தின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தால் உங்களுக்கு. அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. எனக்கு இத்தனை வருஷத்தில் ஒரு முறை நடந்தது. அந்த ஒரு முறைக்காகத்தான் இன்னும் தட்டுத் தட்டாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

ட்ரேட் டாலர், 1873-இல் தொடங்கியது, சீன வியாபாரத்துக்கென்று மெக்சிகோ டாலரோடு மல்லுக்கட்ட அடித்தது. 420 கிரெய்ன், 900 தரம் என்று காசிலேயே எழுதியிருக்கும். சீன வணிகர்கள் சோதித்துக் குத்திய முத்திரைகளோடு பார்க்க அழகுதான். ஆனால் சந்தையில் வருகிற வெறுங்காசுகளில் போலிகள் அத்தனை. தொடங்குகிறவருக்கு வேண்டாம். அமர்ந்த தேவி வரிசை 1830-களிலிருந்து 1891 வரை ஓடும் பெரிய காடு, நல்ல காடு, மூன்று நான்கு வருஷம் கழித்து நுழையலாம். 1794 டாலர், 1804 டாலர் பற்றியெல்லாம் தம்பி கேட்டான். 1794-இல் 1758 டாலர் அடித்தார்கள், அதில் ஒன்று 2013-இல் ஒரு கோடி டாலருக்கு மேல் போயிற்று. வாஷிங்டன் போனால் ஸ்மித்சோனியனில் பார்த்துவிட்டு வா, அனுமதி இலவசம் என்றேன்.

பெட்டியில் வாங்குவதா, வெறுங்காசாகவா என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரம் பார்த்து பிளாஸ்டிக் பெட்டியில் மூடிக் கொடுக்கும் வேலை 1980-களின் நடுவில் பிசிஜிஎஸ், என்ஜிசி வந்தபின் ஊன்றியது, 70 வரை போகும் ஷெல்டன் அளவுகோலில் எண் போடுவார்கள். மார்கன் என்றால், அதுவும் சிசி, எஸ் என்று எழுத்துக்கு விலை கொடுப்பதென்றால், பெட்டி இல்லாமல் வாங்காதீர்கள். பெட்டியே போலியாக வருகிற காலம் என்பதால் அதன் எண்ணை நிறுவனத் தளத்தில் போட்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள். பஸ்ட் அரை டாலரில் மட்டும் நான் கட்சி மாறுவேன். பெட்டிக்குள் போனால் ஓர எழுத்து மறைந்துவிடும், அதைப் படிக்க முடியாமல் இந்தக் காசை வைத்திருப்பது கோயிலுக்குப் போய் வாசலோடு திரும்புகிற மாதிரி. நூற்றைம்பது டாலர் காசில் போலி வந்தாலும் தராசில் மாட்டிக்கொள்ளும், 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு இருபது டாலர்தான்.

வெறுங்காசில் போலியைவிடப் பெரிய ஆபத்து தேய்த்துக் கழுவியது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அம்மா இங்கே வந்திருந்தபோது மேசையில் இருந்த ஒரு 1899 பார்பர் அரை டாலரை எடுத்து, "வெள்ளி இப்படிக் கறுத்துப் போயிருக்கே, பார்க்க மாட்டியாடா" என்று குத்துவிளக்குக்குத் தேய்க்கிற மாதிரி விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். நூறு வருஷமாக ஓரத்தில் நீலமும் பழுப்புமாகப் படிந்திருந்த நிறம் ஒரு நிமிஷத்தில் போயிற்று. விளக்கில் சாய்த்தால் முழுக்க மயிரிழைக் கீறல். தரம் பார்க்க அனுப்பினால் எண் கொடுக்க மாட்டார்கள், கழுவியது என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் காசு இன்றும் சாமி படத்துக்கு முன்னால்தான் இருக்கிறது. கடையில் பார்க்கும்போது அசாதாரணமாக வெள்ளை வெளேரென்று இருக்கும் தேய்ந்த காசு ஒன்றைக் கண்டால் எனக்கு விபூதி வாசம் வரும்.

விற்கும் பக்கத்தையும் யோசிக்க வேண்டும், சேர்க்கிறவன் எல்லோரும் ஒரு நாள் விற்பான், இல்லாவிட்டால் அவன் பிள்ளைகள் விற்பார்கள். மார்கன் அமெரிக்காவில் எந்தக் காசுக்கடையிலும் ஐந்து நிமிஷத்தில் விற்றுப்போகும். 1921 மார்கன் மாதிரிச் சாதாரணக் காசு வெள்ளி விலையோடு ஏறி இறங்கும், ஒன்றில் 0.77 ட்ராய் அவுன்ஸ் வெள்ளி இருக்கிறது, விழுந்தாலும் அதற்குக் கீழே விழாது. பார்பருக்கும் ஓரளவு அப்படி. பஸ்ட் அரை டாலருக்கு வெள்ளி விலை ஏறினாலும் பெரிய பலன் இல்லை, வாங்குகிற ஆளும் குறைவு, அவசரத்துக்கு விற்றால் அடிவாங்குவீர்கள். இந்தக் குறையை மறைக்க மாட்டேன். எந்தக் காசானாலும் கடைக்காரர் விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும், வரியும் உண்டு: ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து லாபத்தில் விற்றால் பங்குக்கு உச்சம் 20 சதவீதம், சேகரிப்புப் பொருளுக்கு 28. முதலீடு என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கட்டும்.

தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு: பாதிப் பணத்துக்கு 1820-களிலும் 1830-களிலும் அடித்த பஸ்ட் அரை டாலர் ஆறேழு, விஎஃப் தரத்துக்கு (எஃப் தரத்துக்கு அடுத்த மேல்படி) குறையாமல், கழுவாதது. ஜிஎஸ்ஏ உறையோடு 1883 அல்லது 1884 சிசி மார்கன் ஒன்று. ஒரு நல்ல லென்ஸ், தராசு. மிச்சப் பணத்தைத் தொடாமல் வை, ஏழெழுத்து பார்பர் கண்ணில் பட்டால் எடு, இல்லாவிட்டால் அப்படியே இருக்கட்டும். 1893-எஸ் மேல் ஆசை போகவில்லை என்றால் ஐந்து வருஷம் கழித்து, முகம் தெரிகிற தரத்தில், பெட்டியோடு வாங்கு.

கேட்டுக்கொண்டான், அதிசயம்தான். அடுத்த சனிக்கிழமை உள்ளூர்க் கண்காட்சிக்குப் போய் முதல் காசாக ஒரு 1827 சதுர இரண்டு வாங்கிவிட்டு அங்கே வாசலிலிருந்தே கூப்பிட்டான். "அண்ணா, ஓரத்து எழுத்தெல்லாம் தலைகீழா இருக்கு, ஏமாந்துட்டேனா?" ஏமாறவில்லை, அந்தக் காலத்தில் ஓரத்தை முதலில் உருட்டி எழுதிவிட்டு அப்புறம்தான் இரண்டு பக்கத்தையும் அடித்தார்கள், காசு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம், நேராகவும் வரும் தலைகீழாகவும் வரும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்போ நேரா இருக்கறது ஒண்ணும் வேணுமே, இரு, உள்ளே போயிட்டு வரேன்" என்று வைத்துவிட்டான்.